அட்டையைத் திருத்திய கதை: சீட்டுக்கட்டில் இருந்து அன்கி வரை

ஃபிளாஷ் கார்டு மென்பொருள்களைப் பற்றி யார் எழுதினாலும் மறதியில்தான் ஆரம்பிக்கிறார்கள். எபிங்காஸ், மறதி வளைகோடு, எந்த அட்டையை எந்த நாளில் திரும்பக் காட்டவேண்டும் என்கிற கணக்கு. அதெல்லாம் சரிதான், முக்கியமும்கூட. ஆனால் அந்தக் கதையில் ஒரு விஷயம் எப்போதும் விட்டுப்போகிறது. கணக்கு எவ்வளவு அருமையாக இருந்தாலும், அட்டையில் எழுதியிருப்பது தப்பாக இருந்தால் என்ன ஆகும்? வேறென்ன, அந்தத் தப்பு மிக நன்றாக மனதில் பதியும். மறக்கப்போகிற நேரம் பார்த்து, மென்பொருளே அதை நினைவுபடுத்திக் கெட்டிப்படுத்தும்!

போட்டித்தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். "தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டங்கள்?" என்ற அட்டைக்கு 2019 தொடக்கத்தில் விடை 32. அந்த ஆண்டு முடிவதற்குள் 37. 2020 முடிவில் மயிலாடுதுறையோடு 38. "இந்தியாவில் எத்தனை மாநிலங்கள்?" என்ற அட்டை இன்னும் வேடிக்கை. 28 என்று இருந்தது 2014ல் தெலங்கானா பிறந்ததும் 29 ஆனது. 2019 அக்டோபர் 31ல் ஜம்மு காஷ்மீர் யூனியன் பிரதேசங்களாகப் பிரிந்ததும் மறுபடி 28. அட்டையைத் திருத்தவே திருத்தாத சோம்பேறி, ஐந்து வருடம் தப்பாகச் சொல்லிவிட்டு, கடைசியில் சரியான விடைக்கு வந்து நின்றிருப்பார் :-) ஆனால் எல்லா அட்டையும் இப்படித் தானாகத் திருந்தாது.

ஆகவே இந்தப் பதிவில் 'எப்போது காட்டுவது' என்ற கதையை ஓரம் வைத்துவிட்டு, 'எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் திருத்துவது' என்ற கதையைச் சொல்லப் போகிறேன். இது கணினிக்கு ரொம்ப முன்னாலேயே ஆரம்பிக்கிறது.

தைத்துக் கட்டிய நோட்டுப் புத்தகத்தில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. நடுவில் எதையும் நுழைக்க முடியாது. பதினாறாம் நூற்றாண்டில் சூரிச் நகரத்து அறிஞர் கொன்ராட் கெஸ்னர் இதற்கு ஒரு வழி சொன்னார். படித்ததை எல்லாம் தாளில் எழுது, கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டு, பிறகு உனக்கு வேண்டிய வரிசையில் அடுக்கு. இருநூறு வருடம் கழித்து ஸ்வீடனில் தாவரங்களுக்குப் பெயர்வைத்த லின்னேயஸ், தன் கடைசிக் காலத்தில் ஒரே அளவிலான தனித்தனிச் சீட்டுகளுக்கு மாறினார். காரணம் நேரானது. உலகம் முழுக்கப் புதுப்புதுச் செடிகள் வந்துகொண்டே இருந்தன. புத்தகமாகக் கட்டிவிட்டால் அடுத்த கப்பல் வந்ததும் அது பழசாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் பிரெஞ்சுப் புரட்சி. மடங்களிடமிருந்தும் பிரபுக்களிடமிருந்தும் பறிமுதல் செய்த லட்சக்கணக்கான புத்தகங்களை என்ன செய்வது, எப்படிப் பட்டியல் போடுவது என்று அரசு திணறியது. 1791ல் ஓர் உத்தரவு போட்டார்கள். விவரங்களைச் சீட்டாடும் அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதுங்கள்! அந்தக் காலத்துச் சீட்டுகளுக்குப் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். கெட்டியான தாள், எல்லாம் ஒரே அளவு, எந்த ஊரிலும் கிடைக்கும். எழுதி, வரிசைப்படுத்தி, ஓரத்தில் ஊசியால் குத்தி நூலில் கோத்து வைத்தார்கள். ராணியும் ராஜாவும் ஒரு பக்கம், பாதிரியாரின் நூலகப் புத்தகம் மறு பக்கம். புரட்சிக்கு ஏற்ற அட்டைதான்.

இந்த ஊசியையும் நூலையும் கவனியுங்கள். அட்டை என்றால் சுதந்திரம், எங்கே வேண்டுமானாலும் மாற்றி வைக்கலாம். ஆனால் அதே சுதந்திரத்தால் ஓர் அட்டை கீழே விழுந்தால், அல்லது தப்பான இடத்தில் செருகினால், அது தொலைந்த மாதிரிதான். 1870களின் கடைசியில் அமெரிக்க நூலகர்கள் 7.5க்கு 12.5 சென்டிமீட்டர் என்று அட்டைக்கு ஒரு அளவு நிர்ணயித்தார்கள். பிற்காலத்து இழுப்பறைகளில் அட்டைகளின் அடிப்பாகத்து ஓட்டை வழியாக ஒரு கம்பி ஓடும். வாசகர் புரட்டலாம், உருவ முடியாது. இன்றைய மொழியில் சொன்னால் தேடுவதற்கு எல்லோருக்கும் அனுமதி, திருத்துவதற்கு நூலகருக்கு மட்டும். நூலகங்களுக்காக அட்டைகளை அச்சிட்டு வந்த அமெரிக்க நிறுவனம் ஓசிஎல்சி தன் கடைசி அட்டைகளை அச்சிட்டது 2015 அக்டோபரில்தான் என்றால் நம்புவீர்களா? ஆண்ட்ராய்டு போன் வந்து ஏழு வருடம் ஆன பிறகு!

பிரஸ்ஸல்ஸில் பால் ஒட்லே, ஆன்ரி லா ஃபோந்தேன் என்ற இருவர் 1895ல் தொடங்கிய வேலை இன்னும் பெரியது. உலகில் அச்சான ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. ஒரு கோடிக்கு மேல் அட்டைகள் சேர்த்தார்கள். உங்களுக்கு ஒரு விஷயம் தெரியவேண்டுமா, கடிதம் எழுதிக் கட்டணம் கட்டுங்கள், அதற்குரிய அட்டைகளைப் படியெடுத்து அனுப்புவோம் என்றார்கள். தேடுபொறிதான். விடை வரக் கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவே.

காகித அட்டையின் அடிப்படைச் சங்கடம் ஒன்றை இங்கே சொல்லவேண்டும். ஒரு காகித அட்டை ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். ஆசிரியர் பெயர்ப்படி அடுக்கினால் பொருள்படித் தேட முடியாது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு அட்டை எழுதவேண்டும். பிறகு ஒன்றில் பிழை கண்டால் இன்னொன்றையும் தேடிப் பிடித்துத் திருத்தவேண்டும். இதை ஓரளவு உடைத்த ஒரு தந்திரம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஆய்வகங்களிலும் அலுவலகங்களிலும் புழங்கியது. அட்டையின் நான்கு ஓரங்களிலும் வரிசையாக ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பொருள். அந்தப் பொருள் அந்த அட்டைக்குப் பொருந்தினால் ஓட்டையின் விளிம்பைக் கத்தரித்துத் திறந்துவிட வேண்டும். பிறகு கட்டு முழுவதையும் எடுத்து, குறிப்பிட்ட ஓட்டையில் பின்னலூசி மாதிரி ஒரு நீள ஊசியைச் செருகித் தூக்கினால், கத்தரித்த அட்டைகள் மட்டும் பொலபொலவென்று கீழே விழும். இரண்டாவது ஊசியை வேறு ஓட்டையில் விட்டால் இரண்டு நிபந்தனையும் சேர்ந்து பொருந்தும் அட்டைகள் கிடைக்கும். மின்சாரம் இல்லை, திரை இல்லை, அட்டைகளை வரிசையாக வைக்கவேண்டிய அவசியம்கூட இல்லை! ஆனால் ஒரு ஓட்டையைத் தப்பாகக் கத்தரித்துவிட்டால் ஒட்டுப்போடத்தான் வேண்டும்.

சரி, நூலகத்தை விட்டு மாணவர் மேசைக்கு வருவோம்.

1885ல் எபிங்காஸ் தன்னையே சோதனை எலியாக்கிக்கொண்டு, சுமார் 2300 அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, மறதியை அளந்தார். அவருக்குத் திருத்தும் தொல்லையே கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? அர்த்தமே இல்லாத அசையில் தப்பு எங்கிருந்து வரும்? மறதியைப் படிக்க அது வசதி. ஆனால் நிஜமான பாடம் அப்படி இல்லை.

1972ல் ஜெர்மன் மொழியில் செபாஸ்டியன் லைட்னர் எழுதிய, 'கற்கக் கற்பது எப்படி' என்ற பொருள்படும் புத்தகம் வந்தது. சில அறைகளாகத் தடுத்த ஒரு பெட்டி. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தப்பாகச் சொன்னது முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையை அடிக்கடி பார்க்கவேண்டும், கடைசி அறையை எப்போதாவது. அழகான யோசனை, இன்றைக்கும் ஷூ பெட்டி இருந்தால் போதும், யாரும் செய்யலாம். ஆனால் நம் கண்ணோட்டத்தில் பாருங்கள். லைட்னர் பெட்டி அட்டைகளை உங்கள் நினைவின் பலத்தின்படி அடுக்குகிறது. அப்படி அடுக்கினால் வேறு எந்த வரிசையும் மிஞ்சாது. 'சிறுநீரகம் பற்றிய அட்டைகள் எல்லாம் எங்கே?' என்று கேட்டால், ஐந்து அறைகளிலும் சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றாகப் புரட்டவேண்டியதுதான். ஊசிவித்தையும் இங்கே இல்லை.

அடுத்தவர் போலந்து நாட்டின் பியோத்தர் வோஸ்னியாக். போஸ்னான் நகரத்து மாணவர். 1985ல் தன்மீதே சோதனை செய்து, காகிதத்திலேயே ஒரு முறையை உருவாக்கினார். அவர் அட்டைகூடப் பயன்படுத்தவில்லை, பக்கங்கள்தான். ஒரு பக்கத்தில் 40 கேள்வி பதில். அந்தப் பக்கத்தை 1 நாள், பிறகு 7 நாள், 16 நாள், 35 நாள், அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பு இடைவெளியில் திருப்பிப் படிப்பது. 35 நாள் இடைவெளிக்குப் பிறகும் மறந்துபோன சொற்களைப் புதிய பக்கம் ஒன்றில் மறுபடி எழுதிக்கொள்வார். பழைய பக்கத்தில் இருந்து அடிக்கமாட்டார்.

இதில் உள்ள சிக்கல் புரிகிறதா? ஒரே சொல் இரண்டு பக்கத்தில். அதன் விடையில் ஒரு பிழை இருந்தால் இரண்டு இடத்தில் திருத்தவேண்டும். அதோடு, 40 சொற்களும் ஒரே கயிற்றில் கட்டிய ஆடுகள் மாதிரி. எளிதான சொல்லும் கடினமான சொல்லும் ஒன்றாகவே மேய்ச்சலுக்குப் போய் ஒன்றாகவே திரும்பும். தனியாக ஒன்றை மட்டும் அவிழ்த்துவிட வழியில்லை.

1987 டிசம்பரில் அவர் டர்போ பாஸ்கலில் எழுதிய சூப்பர்மெமோ இந்தக் கயிற்றை அறுத்தது. ஒவ்வொரு கேள்விக்கும் தனி இடைவெளி, தனி எளிமை எண். அந்த எண் 2.5ல் ஆரம்பிக்கும், 1.3க்குக் கீழே இறங்காது. முதல் இடைவெளி 1 நாள், அடுத்தது 6 நாள், அதற்கப்புறம் முந்தைய இடைவெளியை எளிமை எண்ணால் பெருக்கவேண்டும். எஸ்எம்-2 என்ற இந்தக் கணக்கை எல்லோரும் புகழ்வார்கள். நான் புகழ்வது அதன் பக்கவிளைவை. பக்கம் என்ற அலகு செத்துப்போய், தனி உருப்படி என்ற அலகு பிறந்தது. இனி ஒரே ஒரு கேள்வியை எடுக்கலாம், மாற்றலாம், நீக்கலாம். மற்ற 39 அப்படியே இருக்கும்.

(அதே 1987 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஆப்பிள் நிறுவனம் பில் அட்கின்சன் உருவாக்கிய ஹைப்பர்கார்டு என்ற மென்பொருளை வெளியிட்டது. அதிலும் எல்லாமே அட்டை, அட்டைக்கட்டு. சொல்லைக் கொடுத்தால் கட்டுக்குள் தேடும். அது நினைவாற்றலுக்காகச் செய்ததல்ல, ஆனால் காகித அட்டை திரைக்குள் நுழைந்த வருடம் எது என்று யாராவது கேட்டால் 1987 என்று சொல்லிவிடுங்கள்.)

உருப்படி தனித்ததும் ஒரு புதுக் கேள்வி முளைத்தது. காகிதத்தில் யாரும் கேட்டிராத கேள்வி. ஒரு பழைய அட்டையைத் திருத்தினால், அதன் வரலாறு என்ன ஆகும்? நான்கு மாத இடைவெளிக்கு வளர்ந்துவிட்ட ஓர் அட்டை. அதில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்துகிறீர்கள். வரலாறு அப்படியே தொடரவேண்டும், சந்தேகமில்லை. ஆனால் விடையையே 32ல் இருந்து 37 ஆக மாற்றினால்? உங்கள் மூளை நான்கு மாதம் நினைவில் வைத்திருந்தது 32ஐ. புது விடைக்கு ஒரு நாள் வரலாறுகூடக் கிடையாது. ஆனால் மென்பொருளுக்கு இரண்டு திருத்தமும் ஒன்றுதான். சில எழுத்துகள் மாறின, அவ்வளவே அதற்குத் தெரியும். அன்கியில் உரையைத் திருத்தினால் கால அட்டவணை மாறாது. மாறவேண்டும் என்றால் நீங்களே அந்த அட்டையை 'மறந்ததாக' அறிவித்துப் புதிய அட்டையாக்க வேண்டும். அந்த முடிவு மனிதரிடம் விடப்பட்டிருக்கிறது. சரியான முடிவுதான் என்று நினைக்கிறேன். ஆனால் மாவட்டக் கணக்கைத் திருத்திவிட்டு அட்டையைப் புதிதாக்க மறந்தவர், நான்கு மாதம் கழித்து அதே அட்டையைப் பார்த்ததும் சட்டென்று 32 என்றுதான் சொல்வார். என் தோழர்களிடம் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

1999ல் வோஸ்னியாக் அறிவை எப்படி வடிவமைப்பது என்று இருபது விதிகள் எழுதினார். அதில் பிரபலமானது 'ஓர் உருப்படியில் குறைந்தபட்சத் தகவல்' என்ற விதி. நினைவுக்கு நல்லது என்று அவர் சொல்கிறார். திருத்துவதற்கும் அதுதான் நல்லது. ஒரே அட்டையில் ஏழு தகவலைத் திணித்தால், ஒன்று பழசானதும் முழு அட்டையும் நொண்டும்.

இனி அன்கி. (ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்று பொருள். 'அங்கி' என்று எழுதினால் தமிழில் மேலாடை ஆகிவிடுவதால் இப்படி எழுதுகிறேன்.) ஆஸ்திரேலியரான டேமியன் எல்ம்ஸ் ஜப்பானிய மொழி படிப்பதற்காக எழுதிய நிரல். 2006 அக்டோபரில் முதல் பதிப்பு. அதற்கு ஆறு வாரம் முன்னால், 2006 ஆகஸ்டு 24ல்தான், பன்னாட்டு வானியல் ஒன்றியம் பிராகில் கூடி புளூட்டோவைக் கோள் பட்டியலில் இருந்து இறக்கியது! உலகத்துப் பள்ளிக்கூட அட்டைகள் எல்லாம் ஒரே நாளில் தப்பான வருடத்தில், திருத்துவதற்கு வசதியான மென்பொருள் பிறந்தது. தற்செயல்தான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அன்கியின் பெரிய யோசனை என்று நான் நினைப்பது, குறிப்பையும் அட்டையையும் பிரித்தது. ஆரம்பத்தில் அதைத் 'தகவல்' என்றார்கள், 2012ல் வந்த 2.0 பதிப்பில் 'குறிப்பு' என்று பெயர் மாறியது. ஜப்பானியச் சொல் ஒன்று, அதன் உச்சரிப்பு, அதன் பொருள். இவை மூன்றும் மூன்று புலங்கள், சேர்ந்து ஒரு குறிப்பு. அதிலிருந்து சொல்லைக் காட்டிப் பொருள் கேட்கும் அட்டை, பொருளைக் காட்டிச் சொல் கேட்கும் அட்டை, உச்சரிப்பு கேட்கும் அட்டை என்று மூன்று அட்டைகள் தானாகப் பிறக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி வரலாறு. ஆனால் எழுத்து ஒரே இடத்தில். உச்சரிப்பில் பிழை கண்டால் ஒரு முறை திருத்துங்கள், மூன்று அட்டையும் சரியாகும். வோஸ்னியாக்கின் இரட்டைப் பக்கம், நூலகரின் இரட்டை அட்டை, எல்லாச் சங்கடமும் இங்கே தீர்ந்தது. ஒரு காகிதம் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும் என்ற பழைய விதிக்கு முடிவு கட்டியது இதுதான்.

உள்ளே எட்டிப் பார்க்க ஆசைப்படும் கணினித்துறை நண்பர்களுக்கு ஒரு தகவல். எல்லாம் ஒரே எஸ்க்யூலைட் தரவுக் கோப்பு. குறிப்புகளின் அட்டவணையில் எல்லாப் புலங்களும் ஒரே நீளச் சரமாக ஒட்டிக் கிடக்கும். நடுவில் பிரிப்பது, 31ஆம் எண் கொண்ட கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து. முதல் புலத்தில் இருந்து ஷா-1 முறையில் ஒரு சுருக்க எண் கணக்கிட்டுப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். புதுக் குறிப்பு தட்டச்சும்போது 'இது ஏற்கெனவே இருக்கிறது' என்று உடனே எச்சரிப்பது அந்த எண்ணை ஒப்பிட்டுத்தான். பத்தாயிரம் குறிப்பு இருந்தாலும் கண்ணிமைக்கும் நேரம். முதல் புலத்தை மட்டுமே பார்ப்பதால், அதே விஷயத்தை வேறு வார்த்தைகளில் கேட்டிருந்தால் அதற்குத் தெரியாது. அதற்கு நாம்தான் தேடவேண்டும்.

தேடல் என்றால் அன்கியின் உலாவி சாளரம். அதில் சாதாரணச் சொல்லைத் தேடலாம், சொல்லுக்கு முன் கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் இல்லாதவை, நட்சத்திரக் குறி போட்டால் நடுவில் எது இருந்தாலும் சரி. இதெல்லாம் எந்த மென்பொருளிலும் உண்டு. அன்கியின் ருசி வேறு இடத்தில். உரையை மட்டுமல்ல, உங்கள் நினைவின் வரலாற்றையும் தேடலாம். கடந்த ஏழு நாளில் சேர்த்தவை எவை? இன்று நான் 'மறுபடி' என்று அழுத்தியவை எவை? மூன்று முறைக்கு மேல் மறந்தவை, அதுவும் உயிர்வேதியியலில் மட்டும்? ஊசி ஊசியாகச் செருகிக்கொண்டே போகலாம், பொலபொலவென்று விழும். இப்படி விழுந்ததை அப்படியே தற்காலிகக் கட்டாக்கித் தேர்வுக்கு முந்தின இரவு படிக்கவும் முடியும். லைட்னர் பெட்டியின் வரிசையும் நூலகத்து வரிசையும் ஒன்றையொன்று அழிக்காமல் ஒரே நேரத்தில் கிடைத்தது, என் பார்வையில், இந்த மென்பொருள் வரலாற்றின் பெரிய நிகழ்வு.

ரோஜர் கிரெய்க் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் இதை வைத்துக் காசு பார்த்தார். 'ஜெப்பர்டி' என்ற புகழ்பெற்ற தொலைக்காட்சி வினாடி வினாவின் பழைய கேள்விகளை எல்லாம் திரட்டி, எந்தத் தலைப்பு அடிக்கடி வருகிறது, அதில் தான் எங்கே பலவீனம் என்று நிரல் எழுதி அலசினார். அன்கியில் போட்டுப் படித்தார். 2010 செப்டம்பரில் ஒரே ஆட்டத்தில் 77,000 டாலர் வென்றார். அந்தச் சாதனையை முறியடிக்க 2019 வரை ஆகிவிட்டது. எல்லாவற்றையும் படிக்கவில்லை அவர், படிக்கவேண்டியதைத் தேடினார்.

எவ்வளவு படித்தாலும் மண்டையில் ஏறாத சில அட்டைகள் உண்டல்லவா? அதற்கு ஆங்கிலத்தில் 'லீச்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் நேரத்தை உறிஞ்சுவதால். தமிழில் அதற்கு என்ன பெயர்? அட்டை! நம் மொழியில் மட்டும் இந்த அட்டையும் அந்த அட்டையும் ஒரே சொல் :-) அன்கியில் ஓர் அட்டையை எட்டு முறை மறந்தால், அதற்கு 'லீச்' என்று குறிச்சொல் ஒட்டும், அமைப்பைப் பொறுத்து ஓரமும் கட்டிவிடும். அந்த எட்டு என்பது இயல்பான அமைப்பு, மாற்றிக்கொள்ளலாம். நிறையப் பேர் இதைத் தண்டனை என்று நினைத்து மறுபடி உள்ளே இழுத்துவிடுவார்கள். உண்மையில் அது ஒரு வேண்டுகோள். 'நீ மறக்கவில்லை, என்னைச் சரியாக எழுதவில்லை, திருத்து' என்று அட்டை சொல்கிறது. மாதம் ஒரு முறை அந்தக் குறிச்சொல்லைத் தேடி எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றோடொன்று குழம்பும் இரட்டையர்களாக இருக்கும். உட்செல் நரம்பு, வெளிச்செல் நரம்பு மாதிரி. இரண்டையும் பக்கத்தில் வைத்து, கேள்வியில் ஒரு வார்த்தை கூடுதலாகப் போட்டால் பாதி நோய் தீரும்.

தேடி மாற்றும் வசதி பற்றி ஓர் எச்சரிக்கை. ஆயிரம் அட்டையில் ஒரே சொடுக்கில் ஒரு சொல்லை மாற்றலாம். வரலாற்றுக் கட்டு ஒன்றில் 'மதராஸ்' என்று இருப்பதை எல்லாம் 'சென்னை' என்று மாற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 'மதராஸ் நகரம் சென்னை என்று பெயர் மாறிய ஆண்டு எது?' என்ற அட்டை, 'சென்னை நகரம் சென்னை என்று பெயர் மாறிய ஆண்டு எது?' என்று ஆகும். விடை என்னவோ அதே 1996தான், கேள்விதான் பைத்தியமாகிவிட்டது. 'மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது எப்போது?' என்பதோ 'சென்னை மாநிலம்' ஆகும். அது பாடப்புத்தகத்திலேயே இருக்கும் வழக்கு, ஆகவே கண்ணில் படாது. அதற்கும் விடை 1969. முதலில் தேடு, பட்டியலைக் கண்ணால் பார், விலக்கவேண்டியதை விலக்கு, அப்புறம் மாற்று. மாற்றியதைத் திரும்பப் பெறும் வசதி இருக்கிறது. ஆனால் தப்பு நடந்தது உங்களுக்குத் தெரிந்தால்தானே அழுத்துவீர்கள்?

அடுத்தவர் செய்த கட்டுகளில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. 2005ல் ஆண்ட்ரூ சதர்லாண்ட் என்ற அமெரிக்கப் பள்ளி மாணவர் பிரெஞ்சு வகுப்புக்காக எழுதிய குவிஸ்லெட் 2007ல் பொதுவுக்கு வந்தது. அதிலிருந்து அட்டைகளைப் பகிர்வது பெரிய பழக்கமாகிவிட்டது. மருத்துவ மாணவர்கள் பல்லாயிரம் அட்டைகள் கொண்ட கட்டுகளைக் கைமாற்றிக்கொள்கிறார்கள். கட்டைத் தொகுத்தவர் ஒரு பிழையைத் திருத்திப் புதுப் பதிப்பு வெளியிடுகிறார். நீங்களும் இதற்குள் அதே அட்டையில் உங்கள் பேராசிரியர் சொன்னதைச் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். இறக்கும்போது எது ஜெயிக்கவேண்டும்? அன்கி ஒவ்வொரு குறிப்புக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, அதை வைத்து 'இது அதே குறிப்புதான்' என்று கண்டுகொள்கிறது. கண்டுகொள்வது எளிது, யார் எழுதியது சரி என்று முடிவு செய்வதுதான் கஷ்டம். சொந்தமாக எழுதுவதற்கென்று ஒரு புலத்தைத் தனியே ஒதுக்கிவைப்பது புத்திசாலித்தனம்.

கடைசியாக நம் ஊர்ப் பிரச்சினை ஒன்று. தமிழில் அட்டை எழுதுகிறவர்கள் 'இருக்கிற அட்டையே தேடலில் வரமாட்டேன் என்கிறது' என்று புலம்புவதைக் கேட்டிருப்பீர்கள். 'கௌரவம்' என்று நீங்கள் தேடுகிறீர்கள். அட்டையில் இருப்பதோ 'கெளரவம்'. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. முதலாவதில் ஔகாரக் குறி ஒரே எழுத்தாக இருக்கிறது. இரண்டாவதில் ஒற்றைக்கொம்பு, பிறகு சாதாரண 'ள' என்னும் எழுத்து. கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள். 'கொ' என்பதையும் இரண்டு விதமாகச் சேமிக்கலாம், ஒரே குறியாகவோ, கொம்பும் காலும் தனித்தனியாகவோ. ஆனால் இவை இரண்டும் சமம் என்று யுனிகோடே விதி வகுத்திருப்பதால், அன்கி போன்றவை சேமிக்கும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். 'கெள' விஷயத்தில் அப்படி விதி இல்லை. ஏனென்றால் அது குறியாக்கச் சிக்கல் அல்ல, சுத்தமான எழுத்துப்பிழை. 'ஸ்ரீ' இன்னொரு தலைவலி, 'ஸ'வில் ஆரம்பித்தும் எழுதலாம், 'ஶ'வில் ஆரம்பித்தும் எழுதலாம், திரையில் ஒன்றாகவே தெரியும். பழைய திஸ்கி எழுத்துருவில் தட்டச்சிய குறிப்புகளை மாற்றாமல் அப்படியே ஒட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம், அது கணினிக்குத் தமிழே அல்ல. சொல்லின் நடுவில் ஓர் எழுத்தை மட்டும் தடித்த எழுத்தாக்கியிருந்தாலும், உள்ளே எச்டிஎம்எல் குறி நுழைந்து சொல் உடைந்து தேடலில் நழுவலாம்.

இதற்குச் சுலபமான சோதனை ஒன்று இருக்கிறது. உலாவி சாளரத்தைத் திறந்து, ஒற்றைக்கொம்பும் 'ள'வும் சேர்ந்த 'ெள' என்பதைத் தேடிப் பாருங்கள். அதில் 'வெள்ளம்', 'கெளுத்தி' போன்ற நியாயமான சொற்களும் வரும், ஆகவே மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து, பிழையானதை மட்டும் திருத்துங்கள். படித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் பட்டால் ஆங்கில 'இ' விசையை அழுத்தினால் அந்த இடத்திலேயே திருத்தும் சாளரம் திறக்கும். அவசரமாக இருந்தால் ஒரு வண்ணக் கொடி மட்டும் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கொடி போட்டதை எல்லாம் தேடி எடுத்து உட்கார்ந்து திருத்தலாம். உங்கள் கட்டில் எத்தனை 'கெளரவம்' சிக்கியது என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.